கிடாயை விற்காத குத்தகைக்காரர்

தெஹியோவிட்டவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் என் மாமாவின் ஆட்டுக் கொட்டில் இருக்கிறது. லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால், நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் பலகைத் தரை போட்டு, பழைய தகரம் வேய்ந்த கொட்டில். காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாரென்றால் மிச்சப் பொழுது அவருக்கு ஆடுகளோடுதான். இப்போது ஆறு வெள்ளாடுகள் நிற்கின்றன. ஓரத்தில் ஓர் அடைப்பு மட்டும் காலியாகக் கிடக்கிறது. அங்கே இரண்டு செம்மறிகள் ஏழு மாதம் இருந்தன.

வாழ்வாதாரத் திட்டம் ஒன்றின் பெயரில் வடக்கிலிருந்து லொறியில் வந்து இறங்கிய செம்மறிகள் அவை. வறண்ட மண்ணில் மேய்ந்து பழகியவை. எங்கள் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற பக்கம். முதல் மழைக்கு இருமின. இரண்டாம் மழைக்குக் குளம்பு அழுகி நொண்டின. வயிற்றுப் புழு வேறு. ஒன்று செத்த பிறகு மற்றதை மாமா கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். கொடுத்தவர்கள் புகைப்படம் எடுக்க ஒரு தடவை வந்தார்கள், அதோடு சரி. அந்த ஆடு எந்த இனம், தாய் எது, எத்தனையாவது ஈற்று என்று மாமா அவர்களிடம் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையை எழுதத்தான் நான் ஆட்டு இனங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஊடகக் கற்கை படித்த எனக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாமா சொல்லித் தந்ததுதான். வாசிக்க வாசிக்க எல்லா வழியும் ஒரே ஆளிடம் போய் நின்றது. 230 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன இங்கிலாந்துக்காரர் றொபர்ட் பேக்வெல். செம்மறி வளர்ப்பைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகமும் அவரைத் தாண்டிப் போவதில்லை. அவருடைய வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி, பொதுவாக யாரும் முக்கியமாகச் சொல்லாதது. அவருக்குச் சொந்த நிலம் கிடையாது.

பேக்வெல் 1725இல் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் லோபரோ என்ற சிறு நகருக்குப் பக்கத்தில் உள்ள டிஷ்லியில் பிறந்தார். குடும்பப் பண்ணை. தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் அங்கே பயிரிட்டு வந்தது. நிலமோ கேரண்டன் எஸ்டேட்டின் உரிமையாளர்களான பிலிப்ஸ் குடும்பத்தினுடையது. பேக்வெல்கள் பரம்பரைக் குத்தகைக்காரர்கள். பண்ணையின் அளவு சுமார் 440 ஏக்கர். அந்தக் காலத்துப் பிரபுக்களின் நிலத்தோடு ஒப்பிட்டால் சிறிய பண்ணைதான். எங்கள் கணக்கில் சொன்னால் கதை வேறு. மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 440 ஏக்கரை ஏழு பேர்ச்சஸாகக் கூறு போட்டால் பத்தாயிரம் குடும்பங்களுக்கு வரும். இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே வாசியுங்கள்.

இளைஞனாக இருந்தபோது அப்பா அவரை ஊர் சுற்ற விட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், எங்கே எப்படி மாடு கட்டுகிறார்கள், எந்த மண்ணில் எந்தப் புல் வளர்கிறது என்று பார்த்துவந்தார். 1760 அளவில் பண்ணைப் பொறுப்பு முழுதும் அவர் கைக்கு வந்தபோது வயது முப்பத்தைந்து. ஓடையைத் திருப்பி, வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். வருடத்துக்கு நான்கு தடவை புல் அறுத்ததாகச் சொல்வார்கள். அறுவடை செய்த டேர்னிப் கிழங்கை வண்டியில் ஏற்றாமல் அதே வாய்க்காலில் மிதக்கவிட்டுக் கொட்டில் வரை கொண்டுவந்தார். கூலி மிச்சம், கிழங்கும் கழுவியாயிற்று. மாமாவுக்கு இவரைப் பற்றி நான் சொன்னதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவருக்கு முந்திய காலத்தில் ஊர் ஆடுகள் ஒன்றாக மேயும், ஒன்றாகப் படுக்கும். எந்தக் கிடாய் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆட்டை உரோமத்துக்காக வளர்த்தார்கள், கிழடு தட்டிய பிறகே இறைச்சி. பேக்வெல் முதலில் செய்தது கிடாய்களைத் தனியாகப் பிரித்து அடைத்ததுதான். எந்தக் கிடாய், எந்தப் பெட்டை, எப்போது என்பதைத் தானே தீர்மானித்தார். கேட்க மிகச் சாதாரணம். ஆனால் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் அது நடப்பதில்லை. மூன்று லயத்துக்கு ஒரு கிடாய். அதுவும் அங்கேயே பிறந்தது. தன் தாயையும் தங்கையையும் மகளையும் அதுவே சினைப்படுத்துகிறது. குட்டிகள் வருடத்துக்கு வருடம் சிறுத்துப் போவதை எல்லோரும் பார்க்கிறார்கள், தீனியைக் குறை சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பேக்வெலும் நெருங்கிய இரத்த உறவுக்குள்தான் ஆடுகளைச் சேர்த்தார். தகப்பனோடு மகள், அண்ணனோடு தங்கை. அக்காலத்துப் பாதிரிமார் சிலருக்கு அதுவே அருவருப்பாக இருந்தது. அப்படியென்றால் எங்கள் லயத்துக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் கழித்தார். நூறு குட்டி பிறந்தால் தனக்கு வேண்டிய உடம்பு வாய்த்த சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் கசாப்புக்குப் போயிற்று. நல்ல குணமும் கெட்ட குணமும் சேர்ந்தே வெளிப்படும், கெட்டதை இரக்கமில்லாமல் நீக்க வேண்டும். நான்கு பெட்டை வைத்திருக்கிற ஆள் எதைக் கழிப்பது? எங்களுக்கு வழி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கிடாயை மாற்றுவதுதான். அதற்கிடையில் பருவத்துக்கு வரும் அதன் மகள்களை அதோடு சேரவிடக் கூடாது.

அவருக்கு வேண்டிய உடம்பு எது? லிங்கன்ஷயர் பக்கத்து நீள உரோம ஆடுகளையும் லெஸ்டர் பக்கத்துப் பழைய ஆடுகளையும் கொண்டு தொடங்கினார். அவை பெரிய எலும்பும் நீண்ட காலும் கொண்டவை, கொழுக்க மூன்று நான்கு வருடம் எடுப்பவை. எலும்பும் காலும் தலையும் விலைபோகாத பாகங்கள், அதற்குத் தின்னக் கொடுப்பது நட்டம் என்று அவர் நினைத்தார். பீப்பாய் போன்ற உடம்பு, மெல்லிய எலும்பு, குட்டைக் கால், தொடையிலும் முதுகிலும் சதை. இரண்டு வயதில் சந்தைக்குப் போக வேண்டும். புல்லை இறைச்சியாக மாற்றும் இயந்திரமாகவே அவர் ஆட்டைப் பார்த்தார். வெவ்வேறு இன ஆடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒவ்வொன்றும் தின்றதை நிறுத்து, ஏறிய எடையோடு ஒப்பிட்டார். வீட்டு மண்டபத்தில் தன்னுடைய சிறந்த ஆடுகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் ஊறப்போட்ட தொடைகளையும் வைத்திருந்தார். பேரன் தலைமுறை எலும்பு பாட்டனை விட எவ்வளவு மெலிந்திருக்கிறது, கொழுப்பு எவ்வளவு தடித்திருக்கிறது என்று விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார். இறந்த ஆட்டையும் பதிவேடாக வைத்திருந்த மனிதர். இப்படிப் பிறந்த இனத்துக்கு டிஷ்லி லெஸ்டர் அல்லது புதிய லெஸ்டர் என்று பெயர். நீளக் கொம்பு மாடுகளையும் கறுப்பு வண்டிக் குதிரைகளையும்கூட வளர்த்தார். மாட்டில் அவ்வளவு வெற்றி இல்லை.

இனி என்னை உண்மையாகவே கவர்ந்த பகுதி. அவர் நல்ல கிடாய்களை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். ஒரு பருவத்துக்கு இவ்வளவு. கிடாய் வில் வைத்த வண்டியில் பத்திரமாகப் போகும், பருவம் முடிந்ததும் திரும்பி வரும். தொடக்கத்தில் கிடாய்க்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. அயலவர்கள் சிரித்தார்கள். 1780களின் நடுப்பகுதியில் ஒரே வருடத்தில் வாடகை மட்டும் 1,000 கினிக்கு வந்தது. 1789இல் அது 3,000 கினியைத் தாண்டியது. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். பண்ணைக் கூலியாள் அப்போது வாரத்துக்கு ஏழெட்டு ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தார்.

பணத்தை விடப் பெரிய இலாபம் ஒன்று அந்த வாடகையில் இருந்தது. ஒரு கிடாய் நல்லதா என்பதை அதன் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதன் குட்டிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தன் பண்ணைப் பெட்டைகளோடு மட்டும் சேர்த்தால் பத்துக் கிடாய்களைச் சோதிக்கவே ஆயுள் போதாது. வாடகைக்கு விட்டபோது ஒவ்வொரு கிடாயும் வேறு வேறு மண்ணில், வேறு வேறு மந்தையில் குட்டி போட வைத்தது. அடுத்தவன் புல், அடுத்தவன் பெட்டை, அடுத்தவன் செலவு. பேக்வெல் குதிரையேறிப் போய் அந்தக் குட்டிகளைப் பார்ப்பார், கையால் தடவிப் பார்ப்பார். எந்தக் கிடாயின் குட்டிகள் எங்கே போனாலும் நன்றாக வருகின்றனவோ அந்தக் கிடாயைத் தன் மந்தைக்கு அழைத்துக்கொள்வார். சந்ததிச் சோதனை என்று இன்று கால்நடைத் துறையில் சொல்லப்படுவது இதுதான். நிலம் சொந்தமில்லாத ஒருவர், நிலத்தோடு ஒட்டாத ஒன்றைத் தன் முதலாக்கிக்கொண்டார் என்றே நான் இதை வாசிக்கிறேன். புல் பிலிப்ஸ் குடும்பத்தின் மண்ணில் வளர்ந்தது. கிடாய் பேக்வெலுடையது.

ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயரம், பருமன், சிவந்த முகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டை அவருடைய சகோதரி ஹன்னா நடத்தினார். புகழ் பரவியபின் டிஷ்லிக்கு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். விவசாய எழுத்தாளர் ஆதர் யங் வந்தார், பிரான்சிலிருந்து லா ரோஷ்பூக்கோ குடும்பத்து இளைஞர்கள் வந்தார்கள், ரஷ்யாவிலிருந்தும் வந்தார்கள். பிரபுவானாலும் சரி, அயல் பண்ணைக்காரரானாலும் சரி, பெரிய சமையலறையில் எல்லோருக்கும் சாப்பாடு. யார் வந்தாலும் அவர் எழும் நேரமும் தூங்கும் நேரமும் மாறாது. அத்தனை பேருக்கும் தினமும் உலை வைத்த ஹன்னாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதிவைக்கவில்லை. வேலையாட்கள் விலங்குகளை அடிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பெரிய காளைகளைச் சின்னப் பையன் ஒருவன் குச்சியோடு ஓட்டிப் போவதைக் கண்டு வந்தவர்கள் அதிசயப்பட்டார்கள்.

இவ்வளவு பெயர் இருந்தும் 1776இல் அவர் திவாலானார். பரிசோதனைகளுக்கும் விருந்துக்கும் செலவு, கடன், மந்தையைக் கட்டியெழுப்ப எடுத்த வருடங்கள். வயது ஐம்பத்தொன்று. எங்கள் பக்கம் ஒருவர் ஐம்பத்தொரு வயதில் கடனில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். பேக்வெல் எழுந்தார். நண்பர்கள் உதவினார்கள். முக்கியமானது, பண்ணை அவர் கையை விட்டுப் போகவில்லை. குத்தகை தொடர்ந்தது. பெரிய வாடகைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நிலம் கைமாறியிருந்தால் டிஷ்லி ஆடு என்று ஒன்று இருந்திருக்காது.

நல்லவராகவே சொல்லிக்கொண்டு போவது சரியில்லை. 1783இல் டிஷ்லிச் சங்கம் என்று ஒன்றை அவரும் கூட்டாளிகளும் அமைத்தார்கள். இனத்தைக் காக்கும் சங்கம் என்றாலும், வாடகையைக் குறைய விடாமல் சில பணக்காரப் பண்ணைக்காரர்களின் கையில் கிடாய்களை அடக்கி வைத்ததும் அதுதான். கசாப்புக்கு அனுப்பும் ஆடுகளை யாராவது வாங்கி இனம் பெருக்கிவிடுவார்கள் என்று பயந்து, முதலில் வெள்ளம் தேங்கிய புல்வெளியில் மேயவிட்டு ஈரல் நோய் பிடிக்கவைத்தே விற்றார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டது. தன் முறைகளைப் பற்றிப் புத்தகம் எதுவும் எழுதவில்லை. சீடராக இருந்த ஜோர்ஜ் கல்லிக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் எஞ்சின.

வேலி இல்லாமல் இந்த முறையே நடக்காது. கிடாயைப் பிரித்து வைக்க வேலி வேண்டும். அதே காலத்தில்தான் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களால் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களை அடைத்துத் தனியாருக்குக் கொடுத்தது. ஒரு பசுவும் நாலு ஆடும் வைத்திருந்த ஏழைகள் மேய்ச்சலை இழந்து கூலிகளானார்கள், பலர் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். லெஸ்டர் ஆட்டின் இறைச்சி அதிகக் கொழுப்பு. வசதியானவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாங்கித் தின்றவர்கள் அந்தத் தொழிலாளிகள்.

இன்னொரு குறை ஆட்டிலேயே இருந்தது. சதைக்காகத் தேர்ந்து தேர்ந்து, புதிய லெஸ்டர் பெட்டைகள் குட்டி குறைவாக ஈன்றன, பாலும் குறைந்தது. கொழுத்த ஆடு நல்ல தாயாக இருக்கவில்லை. பலன் தரும் இனம் என்று சொல்லும்போது எது பலன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பேக்வெலின் கடைசி வருடங்களில், 1792, 1793இல், கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் சிறிய வங்காளச் செம்மறிகள் போயின. ஈர மண்ணில் வளரும், பத்துப் பன்னிரண்டு கிலோ தேறும் அற்ப ஆடுகள். இரண்டு மூன்று குட்டி போடுவது அவற்றின் குணம். அந்தக் குணம் அவுஸ்திரேலியாவின் மெரினோ மந்தைகளுக்குள் போய், நியூ சவுத் வேல்சில் பூரூலா என்ற பண்ணையில் வெளிப்பட்டு, 2001இல் அதற்குக் காரணமான மரபணுவும் கண்டறியப்பட்டது. வங்காளத்தின் கரோல் ஆட்டிலிருந்து வந்த மரபணு. மகாராஷ்டிராவின் பல்தானில் உள்ள நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணிச் செம்மறிகளுக்குள் கொண்டுவந்து இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளை உருவாக்கியது. சுந்தரவனத்துச் சேற்றில் அந்த ஆட்டைக் காப்பாற்றி வைத்த குடும்பங்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பேக்வெல் 1795 ஒக்டோபர் 1ஆம் திகதி, எழுபது வயதில் இறந்தார். டிஷ்லித் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். கூரை விழுந்து பாழடைந்த கட்டடமாக இன்று அது நிற்கிறது. பண்ணையை மருமகன் ஹனிபோர்ன் தொடர்ந்தார். கல்லி வளர்த்த மந்தைகளிலிருந்து போர்டர் லெஸ்டர் இனம் வந்தது. டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றி எழுதியபோது, பேக்வெலின் ஆடுகளை ஐம்பது வருடம் கலப்பில்லாமல் வளர்த்த இரண்டு பண்ணைகளில் இரண்டு வேறு இனம்போல ஆடுகள் மாறியிருந்ததை எடுத்துக்காட்டினார். அவருடைய அசல் நீள உரோம லெஸ்டர் ஆடு இப்போது அருகிவரும் இனம்.

அந்த ஆடு இலங்கைக்கும் வந்திருக்கிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடலாம் என்று கிளம்பினார். மொரிசியசில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. கப்பலில் ஆட்கள், கலப்பை, வேட்டை நாய்கள், மாடு, குதிரை. கூடவே மூன்று செம்மறிக் கிடாய்கள், சவுத்டவுன் ஒன்று, கொட்ஸ்வோல்ட் ஒன்று, லெஸ்டர் ஒன்று. கொழுத்த டர்ஹாம் பசு மலையேறும் வழியிலேயே செத்தது. நோய் வந்து சில நாட்களில் இருபத்தாறு எருதுகள் செத்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது, ஓட்ஸை மரையும் பன்றியும் தின்றன. 1855இல் பேக்கர் நாட்டை விட்டுப் போனார். டிஷ்லியில் ஒரு கிடாய் போகிற இடத்தின் புல் என்ன, பெட்டை என்ன என்று பார்த்து அனுப்பினார்கள். இங்கே கிடாய் மட்டும் வந்திறங்கியது. மாமாவின் காலி அடைப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

போன மாதம் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பலாக் கிளையைத் தறித்துக்கொண்டே கேட்டார். ஏற்கனவே மேல்பிரிவில் இருக்கிற ஒருவரோடு பேசி வைத்திருக்கிறாராம். அவருடைய கிடாய் இங்கே, இவருடையது அங்கே, இரண்டு வருடத்துக்கு. பிறகு தெரணியகலைப் பக்கம் மூன்றாவது ஆள். காசு பேச்சு இல்லை, பிறக்கிற குட்டிகளில் ஒன்று. என் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் தாய், தகப்பன், திகதி என்று கோடு போட்டிருந்தார். நான்கு பக்கம் நிரம்பியிருந்தது.

செம்மறி இனி வேண்டாமாம். இந்த மழைக்குப் பலகையில் நிற்கிற வெள்ளாடுதான் சரியாம். வாடகைக் கணக்கைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார். பிறகு, டிஷ்லி நிலத்தின் சொந்தக்காரர் ஆட்டுக் கொட்டிலை அகற்றச் சொல்லி எப்போதாவது கடிதம் அனுப்பினாரா என்று கேட்டார். அவருக்கு அப்படி ஒரு கடிதம் இரண்டு தடவை வந்திருக்கிறது. கொப்பிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அப்படி எதுவும் நான் வாசிக்கவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, தழையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.